தெளிவும் மறுப்பும்

நம் வட்டத்தில் 'புரியவில்லை' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. புதுக்கவிதையின் மேல் எறியப்பட்ட முதல் கல் அதுதான் என்பதால், அதைச் சொல்கிறவனை ரசனையற்றவன் என்று ஒதுக்கிவிடப் பழகியிருக்கிறோம். கவிதையைப் பொறுத்தவரை இதில் நியாயம் உண்டு. ஆனால் நம்மில் பலருக்கு ஜீவனம் வாத்தியார் வேலை. கவிதையில் நாம் கோரிப் பெற்ற உரிமையை வகுப்பறைக்குள்ளும் கொண்டுபோக முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். புரியாத கவிதையின் வாசகன் பத்திரிகையை மூடிவைத்துவிட்டு எழுந்து போகலாம். திருவொற்றியூரில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன் எழுந்து போக முடியாது. புரியாமல் போனதற்கான தண்டனையும் அவனுக்குத்தான். ஆகவே வகுப்பில் தெளிவு என்பது நடையின் குணங்களில் ஒன்று அல்ல; கொடுத்துத் தீர்க்கவேண்டிய கடன்.

எதைக் கொடுத்தால் இந்தக் கடன் தீரும்? சின்ன வாக்கியம், தெரிந்த சொல், கரும்பலகையில் ஒரு படம், இரண்டாம் முறை சொல்லும் பொறுமை என்று பதில் வரும். எல்லாம் வேண்டியவைதான். நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியனாகத் தகாதவனுக்கு நான்கு உவமைகள் சொல்கிறது. கழற்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் போட்ட வரிசையில் வெளிவராது. மடற்பனை தானாகப் பழத்தை விழவிட்டால் உண்டு, ஏறிப் பறிக்க முடியாது. பருத்தி அடைத்த குண்டிகையிலிருந்து சிறிது சிறிதாகத்தான் பிடுங்க வேண்டும். முடத்தெங்கு, தண்ணீர் ஊற்றியவனை விட்டு அடுத்தவன் தோட்டத்தில் காய் உதிர்க்கும். இந்த நான்கில் ஒன்றுகூட ஆசிரியனுக்கு விஷயம் தெரியாது என்று குற்றம் சொல்லவில்லை. குடம் நிறைந்திருக்கிறது, பனையில் பழம் இருக்கிறது. குறை முழுவதும் கொடுக்கும் விதத்தில். இது கூர்மையான பார்வை. ஆனாலும் இதில் அறிவு என்பது ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் பண்டமாகவே இருக்கிறது. பண்டம் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தால் தெளிவு. எனக்கு இது போதவில்லை.

நன்னூலை எழுதுவித்த சீயகங்கன் மூன்றாம் குலோத்துங்கனின் சிற்றரசன். அந்த 13ஆம் நூற்றாண்டில் திருவொற்றியூர்க் கோயிலில் பாணினியின் இலக்கணம் கற்பிக்க ஒரு வியாக்கியான மண்டபம் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சூத்திரம் உருப்போடுவதற்கு, புரிவது வியாக்கியானத்தில். வியாக்கியானத்தின் உடம்பிலேயே ஆட்சேபம் இருக்கிறது. ஒருவன் குறுக்கே கேட்கிறான், பதில் வருகிறது, பதிலுக்கும் ஒரு தடை எழுகிறது. நம் உரையாசிரியர்களும் தடை எழுப்பி விடை கூறித்தான் நகர்கிறார்கள். அதே ஊரின் கரையில் வலை இழுத்தவர்களுக்கு அந்த மண்டபத்தில் இடம் இருந்திருக்காது; அதை மறந்துவிட்டு மரபைப் புகழ்வதற்கில்லை. ஆனால் விளக்கத்துக்குள் மறுப்புக்கும் ஓர் இருக்கை போட்டுவைக்கவேண்டும் என்று அங்கே தெரிந்திருந்தது.

இன்று அந்தக் கரையிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். மெரினாவில் அவ்வளவு மணல், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஏன் கருங்கல்? 'கடல் அரிப்பு' என்று பதில் சொல்லலாம். சிறிய சொல், சுத்தமான உச்சரிப்பு, பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண். ஆனால் அது காரணத்தின் இடத்தில் ஒரு பெயரை வைத்துவிட்டுப் போகிறது. பையனுக்குப் புரிந்துவிட்டது போலவும் தோன்றும். இந்தத் தோற்றம் குழப்பத்தைவிட ஆபத்தானது. குழம்பியவனாவது கேட்பான்.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். வருஷத்தில் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் கொஞ்சம் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போகும் மணல் சுவரின் தெற்கே தங்கியது, மெரினா அகன்றது. வடக்குக் கரையிலிருந்து அலை எடுத்துக்கொண்டே இருந்தது, ஈடாக வந்துசேர வேண்டியது வரவில்லை. இது நீளமான விளக்கம், வாக்கியங்களும் கூட. ஆனால் படிகள் வெளியே தெரிகின்றன. மீனவக் குப்பத்திலிருந்து வரும் பையன் எந்தப் படியிலும் கை வைத்துக் கேட்கலாம். 'எங்கள் குப்பத்தில் கல் கொட்டினால், அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்தில் மண் போகுமா?' போகும். தடுப்பு ஒரு கரையைக் காத்து அரிப்பை அடுத்த கரைக்கு நகர்த்துவது உண்டு. 'கடல் அரிப்பு' என்று மட்டும் கேட்டவன் இந்தக் கேள்விக்கு வந்திருக்கவே மாட்டான்.

தெளிவாகச் சொல்வது என்றால் மறுக்கக்கூடியபடி சொல்வது. இதுதான் நான் வந்துசேரும் இடம். குழப்பிப் பேசும் ஆசிரியனை மறுக்க முடியாது. எதைப் பிடித்து மறுப்பது? வழுக்கிக்கொண்டு போகும் சூத்திரத்தைச் சொல்கிறவனையும் மறுக்க முடியாது. ஒருவன் மூட்டத்துக்குள்ளும் மற்றவன் பளபளப்புக்குள்ளும் ஒளிந்துகொள்கிறான். இருவரும் பத்திரமாக இருக்கிறார்கள். மேலும், கரையைக் கடல் அரித்தது என்ற வாக்கியத்தில் சுவர் கட்டியவர் யாரும் இல்லை. படிப்படியாகச் சொல்லும்போது அவர் வந்துவிடுகிறார். தெளிவுக்கு எதிர்ப்பு பல சமயம் இதனால்தான், மாணவனின் மந்தத்தால் அல்ல.

அறுபது பேர், நாற்பது நிமிஷம், முடிக்கவேண்டிய பாடம் - இதில் எங்கே மறுப்புக்கு இடம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்குப் போன செயல்வழிக் கற்றலில் ஒரு காரியம் செய்தார்கள். சுவரில், குழந்தையின் கை எட்டும் உயரத்தில், அவர்கள் எழுதக் கரும்பலகை வைத்தார்கள். அந்த முறையின் பலன் பற்றி வாதங்கள் உண்டு. அட்டையும் ஏணியும் இயந்திரமாகிவிடலாம். ஆனால் தாழ்ந்த பலகையின் அர்த்தம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆசிரியன் எழுதியது தெளிவா என்பதைக் குழந்தை எழுதுவதைப் பார்த்துத்தான் அறிய முடியும். அறுபது பேரும் பேச நேரமில்லைதான். ஒரு பாடத்தில் ஒரு படியையாவது, 'இது தவறாக இருந்தால் எங்கே தெரியும்?' என்று கேட்டு நிறுத்த நேரம் உண்டு.

இருட்டாக எழுதும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அது மறுத்துவிட்டுப் போகக்கூடிய சுதந்திர மனிதனை எதிரே வைத்துப் பெற்ற உரிமை. வகுப்பில் எதிரே இருப்பவனுக்கு அந்தச் சுதந்திரம் இன்னும் இல்லை. அதை அவனுக்கு உண்டாக்கிக் கொடுப்பதுதான் அங்கே நமக்கு வேலை.