யார் கட்டிய கல்லறை?

தனக்கொரு கல்லறையை எவரும் கட்டிக்கொள்ளலாம். அதன் முன் நிற்பவரின் மரியாதையைக் கட்டிவைக்க எவராலும் முடியாது.

சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் 13 வயதில் அரியணை ஏறினார். ஏறிய கையோடு தன் கல்லறைக்கு வேலையைத் தொடங்கிவிட்டார். அங்கே ஏழு இலட்சம் பேர் உழைத்ததாக வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதுகிறார். மண்ணை மலையாகக் குவித்தார்கள். உள்ளே பாதரசத்தால் ஆறுகள் அமைத்தார்களாம். இரகசியம் அறிந்த கைவினைஞர்களை உள்ளேயே விட்டு வாசலை அடைத்தார்களாம். காவலுக்குச் சுடுமண் வீரர்கள் ஏறக்குறைய 8,000 பேர்.

கி.மு. 210இல் பேரரசர் மறைந்தார். சில ஆண்டுகளில் அவருடைய வம்சமும் அழிந்தது. அந்தச் சேனை மண்ணுக்கடியில் மறந்துபோனது. 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகளின் கையில்தான் அது மறுபடி அகப்பட்டது. அந்த வீரர்களின் முகங்களைப் பாருங்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அவற்றை வனைந்த கைகளை வணங்கத் தோன்றுகிறது. வனையச் சொன்னவரை அல்ல.

ஏறத்தாழ அதே காலத்தில் நம் இலங்கைத் தீவில் எல்லாளன் என்ற மன்னன் அரசாண்டான். 44 ஆண்டுகள் அநுராதபுரத்தில் ஆண்டவனைத் துட்டகைமுனு போரில் கொன்றான். கொன்றவனே இறுதிக் கடன் செய்தான். விழுந்த இடத்திலேயே நினைவிடம் எழுப்பினான். அதைக் கடப்பவர்கள் வாத்தியங்களை நிறுத்த வேண்டும் என்ற வழக்கமும் நிலைத்தது. இதைச் சொல்வது மகாவம்சம். வென்றவனின் புகழ் பாடும் நூல்.

இரண்டாயிரம் ஆண்டு கழித்து, 1818இல், பிரித்தானியருக்கு எதிரான கிளர்ச்சி தோற்றுத் தப்பியோடினார் கண்டிப் பிரதானி பிலிமத்தலாவ. உடல் களைத்திருந்தது. அப்போதும் எல்லாளன் நினைவிடம் நெருங்கியதும் பல்லக்கை விட்டு இறங்கினார். கடந்துவிட்டோம் என்று உறுதியாகும்வரை நடந்தே போனார். போர்ப்ஸ் என்ற பிரித்தானிய அதிகாரி இதை எழுதிவைத்திருக்கிறார். இறங்கச் சொல்ல அங்கே காவலன் எவனும் நிற்கவில்லை.

இனி நம் மட்டக்களப்பு வாவிக் கரைக்கு வாருங்கள். கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கிறது. காரைதீவில் பிறந்த துறவி அவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். சீனப் பேரரசர் நூல்களை எரிக்க ஆணையிட்டவர். இவரோ, வழக்கொழிந்த யாழைப் பழைய நூல்களுக்குள் ஆண்டுக்கணக்காகத் தேடியவர். தேடிக் கண்டதை யாழ்நூலாகத் தந்தார். 1947 ஜூனில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி கொழும்பில் கண்மூடினார்.

அவரை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தார்கள். அவர் வளர்த்த சிவானந்தா வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்தார்கள். அங்கே மலையில்லை, சேனையில்லை. பள்ளிக்கூடம்தான் இருக்கிறது. இறைவன் விரும்பும் மலர் எது என்று கேட்டு, உள்ளக் கமலமே என்று விடை சொல்லும் அவருடைய கவிதை அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓர் ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய இடம் எனக்குத் தெரியாது.

ஒருவருக்குக் காவல் வைத்தார்கள். ஒருவருக்காக இறங்கி நடந்தார்கள். ஒருவரைப் பிள்ளைகளின் நடுவில் வைத்தார்கள். பின்னிரண்டும் கேட்டு வாங்கியவை அல்ல. மற்றவர்கள் மனமுவந்து தந்தவை.

இன்று கல்லடிப் பாலம் தாண்டிப் போகிறீர்களா? உப்போடையில் சற்று இறங்குங்கள். கூட ஒரு பிள்ளை இருந்தால், அந்தக் கவிதையை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.