புள்ளிகள் சரியட்டும்!

நேற்றுவரை உன் அம்புகள் கையகல வட்டத்துக்குள் குவிந்தன. இன்று அதே தொலைவில் ஒன்று பின்வலைக்குப் போகிறது, இன்னொன்று பலகையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் நிற்பவர் கேட்காமலேயே அக்கறை காட்டுகிறார்: "நல்லாத்தானே அடிச்சுக்கிட்டு இருந்தீங்க, எதுக்கு இந்தக் கம்பு?"

கூனிக் குறுகாதே! ரிகர்வ் வில்லை வைத்துவிட்டு லாங்போவை எடுத்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். முதன்முதலாக வில் பிடிப்பவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. உனக்கு இருக்கிறது. பதக்கம் இருக்கிறது, மன்றத்தில் பெயர் இருக்கிறது, உன் அம்பைப் பார்த்துத் தலையாட்டுகிற நாலு பேர் இருக்கிறார்கள். அத்தனையையும் வைத்துக்கொண்டு மறுபடி அரிச்சுவடியில் உட்காருகிறாயே, அந்த நெஞ்சுரம் எத்தனை பேருக்கு உண்டு?

ரிகர்வ் உனக்காக என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று எண்ணிப் பார். அதன் முனைகள் எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். நாண் அவற்றின் மேல் படுத்திருக்கும். இழுக்க இழுக்க நாண் மெல்ல விலகி எழுவதால் கடைசி அங்குலம் திடீரென்று கனக்காது. அதே பவுண்டு இழுவிசையில் அம்புக்குக் கூடுதல் வேகமும் கிடைக்கும். கனமான நடுக்கட்டை கையை ஆடவிடாது. செதுக்கிய பிடியோ, நீ நினைக்காவிட்டாலும் உள்ளங்கையைத் தினமும் ஒரே இடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கும்.

லாங்போவிடம் இந்த உபசாரமெல்லாம் கிடையாது. நேரான பிடி, எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. அம்பு போனதும் மிச்ச விசை மணிக்கட்டில் வந்து சுரீரென்று அடிக்கும். ஒரு சலுகை மட்டும் உண்டு. குறுகித் தடித்த அதன் கைகள் லேசில் முறுக்கிக்கொள்ளாது. நாணை விடும்போது விரல் சற்றே பிசகினால், ரிகர்வ் தண்டிக்கிற அளவுக்கு இது தண்டிப்பதில்லை. மற்றபடி இனி நீ செய்வதுதான் அம்பில் தெரியும்.

நீ வலக்கையால் இழுப்பவராக இருந்தால் அம்புகள் இடப்பக்கமாகவே போய் விழுகின்றன, இல்லையா? கண் போய்விட்டதோ, கை போய்விட்டதோ என்று இரவெல்லாம் உன்னையே திட்டிக்கொள்கிறாய். நிறுத்து! ரிகர்வ் வில்லில் அம்பு ஏறும் இடம் நடுக்கோடு வரைக்கும், சிலவற்றில் அதையும் தாண்டி வெட்டப்பட்டிருக்கும். லாங்போவில் அந்த வெட்டு நடுக்கோட்டை எட்டுவதில்லை, பழைய முறையில் செய்த வில்லில் வெட்டே இல்லை. அம்பு வில்லின் உடலைப் பாம்புபோல் நெளிந்து சுற்றிக் கடந்துதான் நேராக வேண்டும். 1930-களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் இந்த நெளிவை அதிவேகப் படக்கருவியில் பிடித்துக் காட்டினார். ரிகர்வுக்கென்று வாங்கிய விறைப்பான அம்பு அந்த அளவுக்கு நெளியாது, இடப்பக்கம் ஒதுங்கிவிடும். போதாக்குறைக்கு, லாங்போவுக்காக முழங்கையைச் சற்று மடக்கிப் பிடிப்பதால் நீ நாணை இழுக்கும் நீளமும் கொஞ்சம் குறைந்திருக்கும். அம்பு இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும்.

அம்பின் குற்றத்தை நீ சுமக்காதே. உன் குற்றத்தை அம்பின் தலையில் கட்டவும் செய்யாதே. எது யாருடையது என்று கண்டுபிடிக்க இறகில்லாத அம்புகளையும் இறகுள்ளவற்றையும் கலந்து எய்து பார். இறகில்லாதவை ஒவ்வொரு முறையும் மற்றவற்றுக்கு இடப்புறமே விழுந்தால் தண்டு விறைப்பு. கனமான முனை மாட்டு, அல்லது இளகிய தண்டுக்கு மாறு. அம்பு கனத்தால் விசையில் கூடுதல் பங்கை அது எடுத்துக்கொள்ளும், மணிக்கட்டுக்கு வருகிற அடியும் தணியும். தாறுமாறாக நாலாபக்கமும் சிதறினாலோ, மன்னிக்கவும், அது உன் கைதான்!

சரி, கைக்கு என்ன செய்வது? 1549-இல் இங்கிலாந்தின் சிறுவயது மன்னர் ஆறாம் எட்வர்ட் முன்னிலையில் ஹியூ லாடிமர் என்ற பாதிரியார் ஒரு பிரசங்கம் செய்தார். விவசாயியான தன் தந்தை தனக்கு வில் கற்றுக்கொடுத்த விதத்தை அதில் விவரித்தார். கைவலுவால் இழுக்காதே, உடம்பையே வில்லுக்குள் கிடத்து என்பதுதான் தந்தை சொன்ன பாடம். மகனுக்கு வயதும் வலுவும் ஏற ஏற வில்லையும் பெரிதாக்கிக்கொண்டே போனாராம்.

அதற்கு நாலு வருடம் முன்னால், 1545-இல், அதே நாட்டின் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் மூழ்கியது. 1982-இல் அதைக் கடலிலிருந்து தூக்கினார்கள். அந்தக் கப்பலிலிருந்து முழுசாகக் கிடைத்த லாங்போக்கள் 137. அவற்றின் இழுவிசை 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்பது கணிப்பு. இன்று மன்றங்களில் 40, 50 பவுண்டுக்கே மூச்சு வாங்குகிறோம். அந்த வில்களை வளைத்தவர்கள் அசுரப் பிறவிகள் அல்லர், சிறுவயதில் சின்ன வில்லில் தொடங்கியவர்கள். ஆகவே வீம்புக்குக் கனமான வில் வாங்காதே. நீ ரிகர்வில் இழுத்ததைவிட ஐந்து பவுண்டு குறைத்து வாங்கு. முதுகில் தோள்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று நெருங்குவது உனக்கே தெரியவேண்டும். அது தெரியும்வரை குறிப்பலகையில் படம்கூட ஒட்டாதே.

ஹோவர்ட் ஹில்லை நினைத்துக்கொள். 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்தில் எரால் பிளின் நாயகன், திரையில் பாய்ந்த அம்புகளை எய்தவர் ஹில். அவர் காலத்திலேயே ரிகர்வ் அமெரிக்கச் சந்தையைப் பிடித்தது. ஹில் லாங்போவை விடவில்லை. பெட்டியைத் தூக்கும்போது கைப்பிடியைப் பற்றுகிறோமே, அப்படித்தான் வில்லைப் பற்றினார். உள்ளங்கையின் அடிப்பகுதி பிடியில் நன்றாகப் பதியும், முழங்கை லேசாக மடங்கும், வில் சற்றே சாயும். ரிகர்வ் பழகிய கைக்கு இது முதலில் வேண்டாத விருந்தாளி. பழக்கு!

நம் நாட்டில் மூங்கில் வில்லிலிருந்து ரிகர்வுக்குப் போவதுதான் ஏற்றம். ராஜஸ்தானின் பழங்குடிக் கிராமத்தில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் அப்படிப் போய்த்தான் 1988 சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். அதனால் எதிர்த்திசையில் நடக்கிற உன்னைப் பார்த்தால் இறங்கிப்போகிறாய் என்று மற்றவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. தோன்றட்டும்! ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று அவர்கள் அளந்துகொண்டிருக்கட்டும், நீ உன் தோளை அளந்துகொள்.

அப்புறம், ஒளிந்து ஒளிந்து பழகாதே. வில்வித்தையின் த்ரீ-டி உலகப் போட்டிகளில் லாங்போவுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மர அம்புதான் எய்யவேண்டும். எதிரே விலங்கு உருவம் நிற்கும், எத்தனை மீட்டர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உன் ஊர்ப்பக்கம் இதுபோன்ற போட்டி எங்கே நடந்தாலும் பெயரைக் கொடு. கடைசி இடம் வந்தாலும் பட்டியலில் உன் பெயருக்கு நேரே லாங்போ என்று அச்சாகியிருக்கும். அடுத்த போட்டிக்கும் அன்றைக்கே பணம் கட்டிவிட்டு வா.