எந்தப் பக்கம்?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கட்டட ஒப்பந்ததாரர் உரிமம் வேண்டுமானால் தேர்வு எழுதித் தேற வேண்டும். மொத்தம் மூன்று தாள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அனுமதித்த நூல்களை அடுக்கிக்கொண்டு போய் உட்காரலாம். அப்படியும் கோட்டை விடுகிறவர்கள் உண்டு.

குழி தோண்டும்போது எத்தனை அடி ஆழத்திலிருந்து மண் சரியாமல் தடுப்பு வைப்பது கட்டாயம்? கெட்டிப் பாறையாக இல்லாவிட்டால் 5 அடி. இந்த விடை தடித்த பாதுகாப்பு விதிநூலில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. தேர்வறையில் அதைத் தேட ஆரம்பித்தால் நேரம் போய்விடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மனப்பாடம் செய்து மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் தீட்டி, பக்க ஓரத்தில் அச்சிட்ட அடையாளச் சீட்டு ஒட்டி, எது எங்கே என்று விரலுக்குப் பழக்குகிறார்கள்.

ஒரு தாள் முழுக்க வரவு செலவும் தொழில் சட்டமும்தான். செங்கல் வரிசையில் நூல் பிசகாத கொத்தனாரும் இங்கே தடுமாறுவார். வீடு கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, வாங்கிய முன்பணத்துக்குக் கணக்குச் சொல்லவும் தெரிய வேண்டும் என்று அரசு எதிர்பார்க்கிறது.

தகவலுக்கு இன்று யாருக்கும் பஞ்சமில்லை. புத்தகம் கையில் இருப்பது வசதி. தேவைப்படும் நேரத்தில் சரியான பக்கத்தைத் திறப்பதுதான் படிப்பு.