பழைய எண்ணெய்



தாத்தா காலத்துப் பாக்கெட் கடிகாரம் ஒன்று உங்களில் சிலர் வீட்டு அலமாரியில் இருக்கும். சாவி கொடுத்தால் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். பின்மூடியைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் மறுபடி ஓடும், நமக்கும் நிம்மதி. தொழில் தெரிந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். என்றோ விட்ட எண்ணெய் உள்ளே பிசினாகக் காய்ந்து, தூசி பிடித்துக் கிடக்கிறது. புது எண்ணெய் பட்டதும் அது இளகி, அரைக்கும் பசையாகிவிடும். அந்தக் காலத்துக் கடிகாரங்கள் பெரும்பாலும் மணிக்கு 18,000 முறை, ஒரு நாளைக்கு 4,32,000 முறை அடிப்பவை. அத்தனை அடிக்கும் அந்தப் பசை மெல்லிய அச்சு முனைகளைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நன்றாக ஓடுகிறது என்று நாம் நம்பியிருக்கும் நாள்களில்தான் கடிகாரம் அழிகிறது.

1891ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துக் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் மோதின. ஓட்டுநர் ஒருவரின் பாக்கெட் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று, பிறகு தானாகவே ஓடத் தொடங்கியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகே வெப் சி. பால் என்ற கிளீவ்லேண்ட் நகைக்கடைக்காரரிடம் ரயில் ஊழியர்களின் கடிகாரங்களைச் சோதிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது என்ற கண்டிப்பு வந்தது. கடிகாரம் நின்றே போயிருந்தால் அந்த ஓட்டுநர் கவனித்திருப்பார். மறுபடி ஓடியதால் சந்தேகமே வரவில்லை.

நம் பங்கில் நான் அஞ்சுவதும் இதைத்தான். நிலத்தகராறில் பிரிந்த அண்ணனும் தம்பியும் திருவிழாவில் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். பத்திரம் மட்டும் அப்படியே பூட்டிக் கிடக்கிறது. உயிர்ப்பு விழாவுக்கு முன் அவசரமாகப் பாவசங்கீர்த்தனம் செய்கிறோம். யாரிடமிருந்து பறித்தோமோ அவருக்கு எதுவும் திரும்பிப் போவதில்லை. மக்களின் காயத்தை மேலோட்டமாக ஆற்றிவிட்டு, எல்லாம் அமைதி என்றவர்களை எரேமியா இறைவாக்கினர் கண்டித்தது இதற்காகவே.

திறக்கப் பயப்படுகிறோம். அந்தப் பயம் நியாயமானதுதான். முறுக்கேறிய மெயின் ஸ்பிரிங்கோடு கடிகாரத்தைப் பிரித்தால் சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் சுழன்று பல் உடையும். அதனால் தேர்ந்த கை முதலில் சாவியைப் பிடித்துக்கொண்டு, முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். திருகாணியில் கை வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்றைய நற்செய்தியில் இயேசு சக்கேயுவை நடத்திய விதத்தைப் பாருங்கள். ஊரே வெறுத்த வரிதண்டுவோர் தலைவர் அவர். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்த அவரிடம் ஆண்டவர் கணக்குக் கேட்கவில்லை, ஊரார் முன் கடிந்துகொள்ளவும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன் வீட்டில் தங்க வருகிறேன் என்றார். பல ஆண்டு முறுக்கு அந்த அழைப்பில் தளர்ந்தது. அதன் பிறகு யாரும் கேட்காமலே சக்கேயு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கிறார்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு. தானாக அறிக்கையிடுகிறவர் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது எண்ணிக்கை நூலின் சட்டம். சக்கேயு அந்த அளவோடு நிற்கவில்லை. முதல் வாசகமான சாலமோனின் ஞானமும், தவறு செய்கிறவர்களைக் கடவுள் சிறிது சிறிதாகத் திருத்துகிறார் என்றும், தாம் படைத்த எதையும் அவர் வெறுப்பதில்லை என்றும் சொல்கிறது.

முறுக்குத் தளர்ந்த பிறகு கடிகாரத்தின் ஒவ்வொரு உறுப்பையும் கழற்றிக் கழுவ வேண்டும். அச்சு முனை சுழலும் மாணிக்கக் கல்லின் துளையைக் கூர்மையான மரக்குச்சியால் குடைந்து சுத்தம் செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை வராது. தேய்ந்த அச்சை மாற்றுவார்கள். விரிசல் விட்ட பீங்கான் டயலை அப்படியே விட்டுவைப்பார்கள், அது அந்தக் கடிகாரத்தின் முகம் என்பதால். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பின்மூடியின் உட்புறத்தில், முன்பு பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறிவைத்த சிறு குறிகளும் தேதிகளும் இருக்கும். நமக்கு முன்னும் யாரோ இதைத் தூக்கி எறியாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். நம்மைச் சுமந்த அம்மாக்கள், ஞானப் பெற்றோர், மறைந்த குருக்கள் எல்லாரையும் இன்று நன்றியோடு நினைக்கிறேன்.

பூட்டி முடித்த கடிகாரத்தை உடனே கையில் கொடுத்துவிட மாட்டார்கள். மல்லாத்தி, கவிழ்த்து, நிமிர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் பல நாள் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். சக்கேயுவுக்கும் மறுநாள் விடிந்திருக்கும். தம் ஊரான எரிகோவின் தெருக்களில் அவர் எத்தனை வாசலில் நின்றார், எத்தனை பேர் திறந்தார்கள் என்று லூக்கா எழுதவில்லை. திறக்காதவர்களும் இருந்திருப்பார்கள்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருப்பேன். பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரப்படாதீர்கள். பேச நேரம் தேவைப்படுகிறவர்கள் பங்கு இல்லத்துக்கு எந்த இரவிலும் வரலாம். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வந்தால் பத்திரத்தையும் எடுத்து வாருங்கள். மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.