எலும்பும் வினையும்

தைப்பூசத்தன்று மலேசியாவின் சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடி வருகிறது. கெடா ரப்பர் தோட்டங்களில் தோளில் காண்டா கம்பு வைத்துப் பால் வாளி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதே தோளை முருகனுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். உடம்பை வருத்துவதே வேண்டுதல் என்று பழகிய சமூகம் இது. தசைச் சிதைவு நோயோடு பிறந்த பிள்ளையின் தாயிடம் இங்கே உறவுகள் கேட்பதுண்டு: "நீ செஞ்ச பாவம்தான் பிள்ளைக்கு வந்துச்சோ?"

அந்தக் கேள்வி மருத்துவத்தின் முன்னும் நிற்காது, சைவ சித்தாந்தத்தின் முன்னும் நிற்காது.

தசைச் சிதைவில் டுஷேன் என்ற வகை ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததால் தசை நார்கள் அசைவிலேயே சேதமாகி, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. மரபணுக் குறை பெரும்பாலும் தாய்வழி வந்தாலும், மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளிடம் அது புதிதாகத் தோன்றியது. அவர்களின் தாயிடம் அந்தக் குறையே இல்லை. பழி மட்டும் அவள்மேல்.

தசையோடு எலும்பும் சேர்ந்து மெலிவதைப் பலர் கவனிப்பதில்லை. எலும்பு தன்மேல் விழும் விசைக்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு தடித்திருக்கும். விண்வெளியில் மிதப்பவர்களின் இடுப்பெலும்போ மாதம் ஒரு விழுக்காட்டுக்கு மேல் கரையும். டுஷேன் பிள்ளைகளுக்கு நடை நிற்பதற்கு முன்பே இந்த இழப்பு தொடங்கிவிடுகிறது. நடையை நீட்டிக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பை அரிக்கிறது. முதுகெலும்பு வலி காட்டாமலே நொறுங்கலாம். ஒருமுறை விழுந்து தொடையெலும்பு முறிந்தால், சிலர் மறுபடி நடப்பதே இல்லை.

எலும்புக்காகக் கடும் பயிற்சி தரலாமா? கூடாது. பளு தூக்கினால் நலிந்த தசை மேலும் கெடும். களைப்பு வராத அளவுக்கு நீச்சல், மிதமான சைக்கிள், தாங்கு சட்டத்தில் நிற்பது, தேவைக்கேற்ப வைட்டமின் டி என்பதே மருத்துவர்கள் காட்டும் வழி.

13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் வழிவந்த சித்தாந்தம் வினையை மறுக்கவில்லை. ஆனால் அவரவர் வினை அவரவர்க்கே. தாயின் கணக்கைப் பிள்ளையின் உடம்பில் எழுத அங்கே இடமில்லை. உயிர் ஆணவ இருளிலிருந்து மீள இறைவன் அருளித் தந்த கருவியே உடம்பு என்கிறது அது. அப்படியென்றால் காவடி தூக்க முடியாத பிள்ளை தாங்கு சட்டத்தைப் பிடித்து நிற்கும் அரை மணி நேரமும் வழிபாடுதான்.

கெடாவில் கூலிமிலோ பீடோங்கிலோ இப்படியொரு பிள்ளை உள்ள வீட்டுக்குப் போகிறவர்களே, பாவக் கணக்குக் கேட்காதீர்கள். முதுகெலும்பு எக்ஸ்ரே முறையாக எடுக்கிறார்களா என்று கேளுங்கள். மருத்துவமனைக்குப் போக வண்டி வேண்டுமா என்றும் கேளுங்கள்.