வாரிசில்லாத மய்யித்தும் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளும்

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து நான்கு மாதமே ஆன மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். தொழுகை நேரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ, விடுதிச் சாப்பாடு என்று பெற்றோர்கள் வழக்கமாகக் கவலைப்படும் விஷயங்களை அவர் கேட்கவில்லை. அவற்றுக்கெல்லாம் அவரே வழி செய்துகொண்டிருக்கிறார். அவர் எழுதியிருப்பது இது: "ஹஜ்ரத், உடற்கூறு வகுப்பில் எங்கள் மேசையில் கிடப்பவர் யாரென்று தெரியாது. அவருக்குப் பெயர் இல்லை, எண்தான் இருக்கிறது. அவரை நாங்கள் நாள்தோறும் அறுக்கிறோம். என் வாப்பா மவுத்தானால் இப்படி அறுக்கக் கொடுப்பேனா என்று எண்ணிப் பார்த்தேன். கொடுக்க மாட்டேன். அப்படியானால் இவரை அறுக்க எனக்கு என்ன ஹக்கு இருக்கிறது? முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்பொழுது அந்த அறையிலிருந்து கைகழுவிவிட்டு நேரே சாப்பிடப் போகிறேன். என் கல்பு செத்துவிட்டதா?"

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, பிள்ளை கெட்டுப்போகவில்லை என்று முதலில் அல்லாஹ்வுக்கு ஷுக்ரு செய்தேன். தமிழகத்தில் 2007ஆம் ஆண்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்த பிறகு, நம் வீட்டு ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் முன்னைவிடக் கூடுதலாக இந்தப் படிப்புக்குப் போகிறார்கள். நீட் மதிப்பெண் வந்த அன்று ஊரெல்லாம் இனிப்புக் கொடுக்கிறோம். கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களில் அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு எதன்முன் நிற்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஃபார்மலின் என்னும் மருந்தில் ஊறவைத்த மனித உடல். அதன் நெடியில் கண் எரிந்து நீர் கொட்டும். ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மாணவர்கள் நிற்பார்கள். அந்த உடலோடுதான் முதலாண்டின் பெரும்பகுதி கழியும்.

மய்யித்தின் கண்ணியம் நம் மார்க்கத்தில் சின்ன விஷயமன்று. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் பதிவாகியிருக்கிறது. போர்க்களத்தில் எதிரியின் பிணத்தைக்கூடச் சிதைக்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. ஒருமுறை யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று தோழர்கள் சொன்னபோது, அதுவும் ஓர் ஆத்மாதானே என்ற கருத்தில் பதிலளித்தார்கள். ஆகவே மேசையில் கிடப்பவர் எந்தச் சமயத்தவராயினும் அவருக்குரிய கண்ணியம் குறைவதில்லை.

இதே பிக்ஹு நூல்களில் இன்னொரு பக்கமும் உண்டு. கர்ப்பிணி ஒருத்தி இறந்து, வயிற்றிலுள்ள சிசு உயிரோடிருக்கும் என்ற நம்பிக்கை இருக்குமானால், வயிற்றைக் கீறிச் சிசுவை எடுக்க வேண்டும் என்று நம் ஷாபிஈ இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். ஹனபீ நூல்களிலும் அப்படியே. ஹன்பலீ மத்ஹபில் கூடாது என்ற சொல்லும் உண்டு. அந்த மாற்றுக்கருத்தே மய்யித்தின் விஷயத்தில் இமாம்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பதற்குச் சாட்சி. உயிருள்ள ஒன்றைக் காக்க இறந்தவரின் உடலைக் கீறலாம் என்ற இந்த வாசலின் வழியாகத்தான் பிற்கால உலமாக்கள் மருத்துவக் கல்விக்கு அனுமதி கண்டார்கள். சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1976லும், மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹு சபை 1987லும் இதைப் பேசித் தீர்மானித்தன. தேவையின் அளவைத் தாண்டக்கூடாது, பெண் மய்யித்தைப் பெண்களே அறுக்க வேண்டும், அவர்கள் கிடைக்காதபோதுதான் பிறர் அறுக்கலாம் என்பன போன்ற நிபந்தனைகள் மக்காத் தீர்மானத்தில் உள்ளன.

இவ்விடத்தில் மதரஸாவில் ஓதிய நமக்குப் பெருமை தரும் ஒருவரைச் சொல்ல வேண்டும். கெய்ரோவில் 1288ஆம் ஆண்டு வபாத்தான இப்னு நபீஸ் (ரஹ்) அவர்கள் ஷாபிஈ பிக்ஹு போதித்த ஆலிம். அதே சமயம் பெரிய ஹகீம். இருதயத்தின் வலப்பக்க இரத்தம் நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு இடப்பக்கம் போவதில்லை, நுரையீரல் வழியாகச் சுற்றித்தான் போகிறது என்று, ஆயிரம் ஆண்டுகளாக உலகம் நம்பியிருந்த கேலன் என்னும் யவன மருத்துவரின் கூற்றை மறுத்து எழுதியவர் அவர். அந்த நூலின் முன்னுரையிலேயே, ஷரீஅத்தும் தம் உள்ளத்திலிருந்த இரக்கமும் தம்மை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தடுத்தன என்றும் குறிப்பிடுகிறார். மார்க்கச் சட்டத்தோடு இரக்கத்தையும் சேர்த்துச் சொன்னார் பாருங்கள், அதுதான் ஓர் ஆலிமின் கல்பு.

அவருக்குச் சற்று முந்தியவர் அப்துல் லதீப் பக்தாதீ (ரஹ்). மிஸ்ரு நாட்டில் கி.பி. 1200ஐ ஒட்டிக் கொடிய பஞ்சம் வந்து மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, மக்ஸ் என்னுமிடத்தில் மலைபோல் கிடந்த எலும்புகளை அவர் போய்ப் பார்வையிட்டார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கேலன் எழுதியிருந்தார். பக்தாதீ ஏராளமான மண்டையோடுகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் அது ஒரே எலும்பாக இருந்தது. ஏட்டில் இருப்பதைவிடக் கண்ணால் கண்டதே உறுதி என்று எழுதிவைத்தார். அவர் கத்தி எடுக்கவில்லை. ஆயினும் அவருக்குப் பாடம் சொன்னவர்கள் யார்? பசியால் செத்து, எடுத்து அடக்க ஆளில்லாமல் கிடந்த ஏழைகள். அன்று முதல் இன்று வரை இதில் பெரிய மாற்றம் இல்லை.

நம் மாணவரின் கேள்விக்கு உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. அறுக்கலாமா என்ற சட்டத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. வைத்தியக் கல்வி பர்ளு கிஃபாயா என்பதில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கே சந்தேகம் இருக்கவில்லை. முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லாத ஊர்களில் எல்லோரும் பிக்ஹு படிக்கவே ஓடுகிறார்களே என்று இஹ்யாவில் அங்கலாய்க்கிறார்கள். ஆனால் எவரை அறுக்கலாம், எவருடைய சம்மதத்தோடு அறுக்கலாம் என்பது தனிக் கேள்வி. உயிரோடிருந்தபோது தாமே எழுதிக்கொடுத்தவர்களின் உடல்கள் சில கல்லூரிக்கு வருகின்றன. மற்றவை, ஆஸ்பத்திரியிலோ ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத் திண்ணையிலோ இறந்து, உரிமை கோரி எவரும் வராதவர்களின் உடல்கள். உற்றார் வரவில்லையானால் சட்டப்படி அவை கல்லூரிக்குப் போகலாம்.

வலீ இல்லாதவருக்கு ஆட்சியாளரே வலீ என்பது நாம் நிக்காஹ் பாடத்தில் ஓதும் சட்டம். அதைக்கொண்டு அரசாங்கம் அனுமதித்தால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் திருப்தியில்லை. வலீ என்பவன் தன் பொறுப்பில் இருப்பவனின் நன்மையைப் பார்ப்பவன். எத்தீமின் சொத்தை எடுத்து ஊருக்கு நன்மை செய்தேன் என்று ஒரு வலீ சொன்னால் காஜியார் ஏற்பாரா? ஆகவே இந்த அனுமதியை நிர்ப்பந்தத்தின் அனுமதி என்றே நான் காண்கிறேன். நிர்ப்பந்தம் அதன் அளவுக்கே அளக்கப்படும் என்பது பிக்ஹின் விதி. தாமாக எழுதிக்கொடுப்போர் பெருகி, செயற்கை மாதிரிகளும் திரைக்கருவிகளும் கூடக்கூட, நாதியற்றவரை மேசையில் கிடத்தும் நிர்ப்பந்தமும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். குறைந்த பின்னும் ஏழை என்பதற்காக அவரையே எடுத்துக்கொண்டிருந்தால் அனுமதி அங்கே நிற்காது.

தம் உடலைத் தானமாக எழுதிவைப்பது கூடாது என்பதே நம் பகுதி உலமாக்களில் பெரும்பாலோரின் சொல். உடல் அல்லாஹ்வின் அமானத்து, அதை வஸிய்யத்து செய்ய நாம் உரிமையாளர்கள் அல்லர் என்பது அவர்களின் ஆதாரம். நானும் அந்தச் சொல்லிலேயே நிற்கிறேன். ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று இருக்க முடியாது. நாங்கள் கொடுக்க மாட்டோம், பிறர் வீட்டு மய்யித்தில் கற்றுக்கொள்வோம் என்றால், தனக்கு விரும்புவதையே பிறருக்கும் விரும்ப வேண்டும் என்ற நபிமொழியின்முன் நாம் எப்படி நிற்பது? கொடுக்காதவன் வாங்கினால் அது கடன். நம் மாணவர் தம் கடிதத்தில் உணர்ந்திருப்பது அந்தக் கடனைத்தான்.

தம்பி, அந்தக் கடனை எங்கே அடைப்பது என்று கேட்டால், அதற்குரிய இடம் உங்கள் கல்லூரியை ஒட்டியே இருக்கிறது. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளின் வார்டுகளில் கூட இருக்க ஆளில்லாத நோயாளிகள் உண்டு. மற்ற நோயாளிக்கு மருந்து வாங்கிவர மகன் இருப்பான், ஸ்கேன் எடுக்கத் தள்ளுவண்டியைத் தள்ள அண்ணன் தம்பி இருப்பான், டாக்டரிடம் போய்க் கெஞ்ச மனைவி இருப்பாள். இவருக்கு ஒருவரும் இல்லை. படுக்கை நனைந்தாலும் சொல்ல ஆள் கிடையாது. அவர் இறந்தால் தேடி வருவாரும் இல்லாமல், நாளை வேறொரு மாணவனின் மேசைக்கு அவரே வரக்கூடும். நாலரை ஆண்டுப் படிப்பு முடிந்து ஓராண்டுப் பயிற்சியில் நீங்கள் வார்டில் நிற்கும்போது, இரவு இரண்டு மணிக்கு எல்லோரும் தாண்டிப்போகும் அந்தக் கட்டிலுக்கு நீங்கள் போங்கள். அப்படிப்பட்டவர் ஒருவரிடம் அவர் இறந்த பின் நீங்கள் பாடம் கற்றீர்கள். உயிரோடிருக்கும்போது இவருக்கு அதைத் திருப்பிக் கொடுங்கள்.

இது மாணவரோடு முடிகிற கடனும் அன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயில் மாண்டவர்களை, சொந்தக்காரர்களே தொட அஞ்சிய நாட்களில், தமிழகத்தில் நம் வாலிபர்கள் சமய பேதமின்றி எடுத்து அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். கொள்ளைநோய் போனதும் அந்தக் கைகள் ஏன் ஓய்ந்துவிட வேண்டும்? பிணவறையில் கேட்பாரற்றுக் கிடப்பவர் யாரென்று விசாரிக்க ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு பேர் இருந்தால், எத்தனையோ பேர் எண்ணாகிப் போகாமல் பெயரோடு மண்ணுக்குப் போவார்கள்.

இனி, கல்பு செத்துவிட்டதா என்ற கேள்வி. நம் ஊர்களில் மய்யித்து குளிப்பாட்டுகிறவர்களைப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்கிறவர் ஒவ்வொரு ஜனாஸாவிலும் அழுதுகொண்டிருப்பதில்லை. குளிப்பாட்டிவிட்டு வீட்டில் போய்ச் சாப்பிடத்தான் செய்கிறார். அவர் கல்பு செத்தவரா? ஆனால் அவர் கையைக் கவனியுங்கள். அவ்ரத்தின் மேல் துணி விலகாமல் தண்ணீர் ஊற்றுவார். மூட்டுகளை மெதுவாக மடக்குவார். உடலில் கண்ட குறை எதையும் வெளியே வந்து வாய்திறக்க மாட்டார். பழக்கம் கண்ணீரை நிறுத்தும். அதபை நிறுத்தினால்தான் கல்பைப் பற்றிப் பயப்பட வேண்டும். நபி (ஸல்) அவர்கள் மரணத் தறுவாயில் இருந்த பேரக்குழந்தையைக் கையில் ஏந்தி அழுதபோது, இது அல்லாஹ் தன் அடியார்களின் உள்ளத்தில் வைத்த ரஹ்மத்து என்றார்கள். அந்த ரஹ்மத்து கண்ணில் மட்டும் குடியிருப்பதில்லை.

ஆகவே வேலை நடக்காத பாகங்களைத் துணியால் மூடிவையுங்கள். மேசையில் வேடிக்கைப் பேச்சு வேண்டாம். கையிலுள்ள போனில் படம் பிடிப்பது அறவே கூடாது, அது மய்யித்தின் குறையை ஊரறியச் செய்வதைவிடக் கொடிது. 2019 முதல் நடைமுறையிலுள்ள புதிய பாடத்திட்டத்தில், இந்த உடலை முதல் ஆசானாக மதிக்க வேண்டும் என்பதே ஒரு பாடமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பல கல்லூரிகளில் மாணவர்கள் அதற்கு உறுதிமொழியும் எடுக்கிறார்கள். உஸ்தாதின் அதபு என்றால் என்னவென்று நம் பிள்ளைக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உளூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனித மய்யித்து நஜீஸ் அன்று என்பதே ஷாபிஈ மத்ஹபின் சரியான சொல். உறையில்லாத கையால் அன்னியப் பெண்ணின் தோலையோ, மர்ம உறுப்பையோ தொட்டால், இறந்தவராயினும் தொட்டவரின் உளூ முறியும். கையுறை இருந்தால் முறியாது. ஹனபீகளுக்குத் தொடுவதால் உளூ முறிவதில்லை. இரத்தம் பட்ட ஆடையைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கும் ஒன்று உண்டு. பிள்ளை விடுமுறைக்கு வரும்போது பையில் எலும்புகள் இருக்கும். மூத்த மாணவரிடம் விலைக்கு வாங்கியது. மண்டையோட்டைக் கண்டு பயந்து, இந்த அறையில் தொழலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகத் தொழலாம். ஆனால் அந்த எலும்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 1985ல் அரசு தடுக்கும் வரை உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு நம் நாட்டிலிருந்துதான், பெரும்பாலும் கல்கத்தா வழியாக, எலும்புக்கூடுகள் கப்பலேறின. அத்தனையும் ஏழைகளுடையவை. மனிதனின் எந்த உறுப்பையும் விற்பது நம் சட்டத்தில் செல்லாது. பிளாஸ்டிக் மாதிரியில் படிக்க முடியுமானால் அதுவே சிறந்தது. உண்மை எலும்பு முன்பே கைக்கு வந்துவிட்டதென்றால், படிப்பு முடிந்ததும் அடுத்தவனுக்கு விற்றுக் காசு பார்க்காமல், வெள்ளைத் துணியில் சுற்றி மண்ணில் புதைத்துவிடச் சொல்லுங்கள்.

கடிதத்தின் கடைசியில், ஒதுங்கிய எழுத்தில், மாணவர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: மேசையில் இருப்பவர் நம்மவரா என்பது தெரியாதபோது, அவருக்காக துஆ செய்யலாமா? முஸ்லிம்களின் மய்யித்துகளும் பிறர் மய்யித்துகளும் அடையாளம் தெரியாமல் கலந்துவிட்டால், ஒவ்வொன்றின் மீதும் "இவர் முஸ்லிமாக இருந்தால்" என்ற நிய்யத்தோடு தொழலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் சட்டம் சொல்லியிருக்கிறார்கள். அதே நிய்யத்தோடு அவருக்காக மஃபிரத்துத் தேடலாம். கத்தியை எடுப்பதற்கு முன் மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் போதும். பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்க வேண்டியதில்லை.