பெண்ணுக்கு மீனாட்சி என்று பெயரிடுதல்

மீனாட்சி என்பது மதுரையில் கோயில் கொண்டிருக்கும் அன்னைக்குப் பிறப்பில் இடப்பட்ட பெயர் அன்று. மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் மகப்பேறு வேண்டிச் செய்த வேள்வியின் தீயிலிருந்து மூன்று வயதுக் குழந்தையாக அன்னை எழுந்தருளினாள் என்றும், அவளுக்குத் தடாதகை என்னும் பெயர் சூட்டப்பட்டது என்றும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. முடிசூடி அரசாண்டதும், திசைகளை வென்றதும், கயிலையில் இறைவனைக் கண்ட அளவில் பிறவியிலேயே இருந்த மூன்றாவது தனம் மறைய நாணி நின்றதும் தடாதகைப் பிராட்டியே. ஆயினும் இன்று மகளுக்குத் தடாதகை என்று பெயரிடுவோரைக் காண்பது அரிது. தந்தை இட்ட பெயர் புராண ஏட்டில் நிற்க, அடியார் அழைத்த பெயரே வீடுதோறும் வழங்குகிறது.

மீன், அட்சம் என்னும் இரண்டும் சேர்ந்து, மீனைப் போன்ற கண்களை உடையவள் என்று பொருள் தருவது இப்பெயர். அட்சம் என்பது கண்ணைக் குறிக்கும் வடசொல். மீன் என்பதோ திராவிட மொழியிலிருந்தே வடமொழிக்குச் சென்றது என்று மொழியறிஞர் பலர் கருதுவதால், பெயரின் முற்பாதி தமிழ்மண்ணுக்கு அயலானது அன்று. இதே பொருளில், அழகிய கயல் போன்ற கண்ணினாள் என விரியும் அங்கயற்கண்ணி என்ற பெயரை, 7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரைப் போற்றிய ஆலவாய்ப் பதிகத்தின் முதற்பாடலில் அமைத்துள்ளார். பாண்டியரின் கொடியிலும் காசிலும் கயல் பொறிக்கப்பட்டிருந்த நாட்டில், அரசகுலத்து அடையாளம் அரசியின் கண்ணிலேயே அமைந்துவிட்டது எனலாம்.

கயலுக்கும் கண்ணுக்கும் வடிவாலும் பிறழ்ச்சியாலும் உள்ள ஒப்புமையைப் புலவர் எவரும் பாடுவர். சமயப் பெரியோர் கண்ட பொருள் அதனினும் ஆழமானது. மீன் தன் முட்டையைப் பார்வையாலும், பறவை அணைப்பாலும், ஆமை நினைவாலும் பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய உயிரியல் இதனை ஏற்காது. ஏற்க வேண்டும் என்று சமயம் கேட்கவும் இல்லை. சைவ மரபில் குரு தம் பார்வையால் மாணாக்கனின் மலக்கட்டை நீக்குவது நயன தீட்சை, தொட்டருள்வது பரிச தீட்சை, உள்ளத்தால் பாவித்தருள்வது மானத தீட்சை எனப்படும். இவற்றுள் முதலாவதற்கு உவமையாக நின்றது மீன். அதற்கு இமை இல்லாமையால், உறங்கும்போதும் அதன் கண் மூடுவதில்லை; உயிர்களை இமைப்பொழுதும் விடாது நோக்குபவள் என்பதே மீனாட்சி என்னும் பெயருக்கு அடியார் கொண்ட பொருள். அன்னையின் பெயரைக் குழந்தைக்கு இடும் பெற்றோர், அழகிய கண்ணை மட்டும் வேண்டி இடுவதில்லை. அந்த நோக்கம் குழந்தையின் மேல் விழ வேண்டும் என்றே இடுகின்றனர்.

இவ்வழக்கத்தின் உட்பொருளை விளக்க, 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபர அடிகள் இயற்றிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைவிடச் சிறந்த நூல் இல்லை. பிள்ளைத்தமிழ் என்பது பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகப் பாவித்து, காப்பு, செங்கீரை, தால் முதலிய பத்துப் பருவங்களில் பாடும் சிற்றிலக்கியம். அண்டங்களை ஈன்றவளைச் சப்பாணி கொட்டச் சொல்லி, தளர்நடையிட்டு வருமாறு அழைக்கிறார் அடிகள். திருமலை நாயக்கர் முன்னிலையில் இந்நூல் அரங்கேறியபோது, அன்னை அர்ச்சகரின் சிறுமகள் வடிவில் வந்து மன்னரின் மடியில் அமர்ந்து கேட்டு, முத்துமாலை ஒன்றை அடிகளுக்கு அணிவித்து மறைந்தாள் என்பது மரபு. அடிகள் தெய்வத்தை மகளாக்கினார். மீனாட்சி என்று பெயரிடும் தாயோ மகளிடத்தில் தெய்வத்தைக் காண்கிறாள். வழி எதிரெதிரானது, அன்பு ஒன்றே.

இப்பெயரின் பரவலைப் பொறுத்தவரை, மதுரை வட்டாரத்திலும் செட்டிநாட்டிலும் அது தலைமுறை தலைமுறையாக வேரூன்றியது. அங்குள்ள நகரத்தாரிடையே மீனாள் என்ற வடிவும் உண்டு. மதுரை நாயக்கரின் கடைசி அரசியும் மீனாட்சியே. 1736இல் சந்தா சாகிப்பிடம் அவர் ஆட்சியை இழந்தார். அன்னையின் பெயரோடு அவள் நாயகரான சுந்தரேசரின் திருநாமத்தைச் சேர்த்து மீனாட்சிசுந்தரம் என்று ஆண்மக்களுக்கும் இட்டனர், உ. வே. சாமிநாதையரின் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இதற்குச் சான்று. காஞ்சிக் காமாட்சி, காசி விசாலாட்சி ஆகியோரின் பெயர்களும் கண்ணால் அமைந்தவையே. கேரளத்திலும் வடநாட்டிலும் மீனாட்சிகள் பலர் உளர். வங்கத்தார் ஒலிப்பில் அது ஏறக்குறைய மீனாக்கி என்றாகிறது.

முழுப்பெயர் வீட்டுக்குள் அரிதாகவே ஒலிக்கிறது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடுவது தமிழர் வழக்கம். மாமியாரின் பெயரை வாயால் சொல்வது மரியாதை ஆகாது என்பதும் வழக்கம். அதனால் பெற்ற தாயே தன் மகளை மீனாட்சி என்று கூப்பிட முடியாமல், மீனா என்றோ மீனு என்றோ அம்மாளு என்றோ அழைத்து வந்தாள். மீனா என்று குறுக்கும்போது கண் விடுபட்டு மீன் மட்டுமே எஞ்சுகிறது என்று இலக்கணம் அறிந்தோர் குறைகாண இடமுண்டு. ஆனால் மதுரை நாட்டுப்புறத்தார் அன்னையையே மீனாச்சி என்றுதான் அழைக்கின்றனர், அவளும் அவர்களுக்கு அருள்கிறாள்.